பிச்சைச் சம்பளமும் சோலைவரியும்
உள்ளூராட்சி நிதியும் எங்கள் ஊர்ச் சேவை நிலையங்களும்

வறியவர்களுக்கு மாதாமாதம் கிடைத்துவந்த அரச உதவிப்பணத்துக்குக் கந்தோர்க் கடதாசியில் ‘பொதுசன மாதாந்த உதவி’ என்று பெயர். சிங்கள மக்கள் அதனைப் ‘பின் படி’ என்றார்கள். ‘பின்’ என்றால் புண்ணியம். தமிழில் நாம் வைத்த பெயர் ‘பிச்சைச் சம்பளம்’. பணம் ஒன்றுதான். கடதாசியில் உதவி, சிங்களத்தில் புண்ணியம், எங்கட வாயில் பிச்சை. மூன்று பெயரிலும் ‘உரித்து’ என்ற பொருள் இல்லை.

பொதுப்பணத்தை யாரோ ஒருவருடைய தர்மமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம், எங்கள் ஊர்களில் அநாதை இல்லமும் முதியோர் இல்லமும் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் நிலையமும் நடத்துவோரை உள்ளூராட்சி மன்றத்தின் வாசலிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது என்பது என் கருத்து. அப்பழக்கம் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கமும் சந்தாவும்

பொதுப்பணமும் ஊரார் பணமும் சேர்ந்து ஒரு சேவையை நடத்துவது இந்நாட்டுக்குப் புதிதல்ல. கொழும்பில் ‘ஃபிரென்ட் இன் நீட்’ சங்கம் 1831 இல் தொடங்கியது. இடர்க்காலத்து நண்பன் என்பது பெயரின் பொருள். யாழ்ப்பாணத்தில் அப்பெயருடைய சங்கமே, அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850 இல் உருவான ஆஸ்பத்திரியை நடத்தியது. ஊரார் சந்தாவும் அரச மானியமும் சேர்ந்து அதனைத் தாங்கின. 1907 இல் அரசாங்கம் பொறுப்பேற்ற அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை.

எங்கள் பக்கத்தில் இவ்வேலையைப் பள்ளிவாசல் செய்தது. கிழக்கில் குடிக்கு ஒரு மரைக்காயர். அந்தக் குடியிடம் சேர்ப்பதும் அந்தக் குடிக்காகப் பேசுவதும் அவர் கடமை. “நெல்லு வெட்டி முடிஞ்சா முதல்ல பள்ளிட பங்கு, பிறகுதான் கடன்காரன்” என்று என் மூத்தம்மா சொல்லுவா. இந்த ஏற்பாட்டில் நாணயம் இருந்தது, நெருக்கமும் இருந்தது. ஆனால் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கவில்லை.

தொடர்பு முதலில் வந்தது கல்வி வழியாகத்தான். மிஷன் பாடசாலைகள் பல தசாப்தங்களாகப் பெற்றுவந்த அரச நன்கொடையை எங்கள் சமூகம் பிந்தியே நாடியது. அந்த முறையில் வரவுப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும், பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். கணக்குக் காட்டியவனுக்குக் காசு. பாடசாலை நடத்துவோர் இதைப் பழகிக்கொண்டார்கள். தர்ம நிலையம் நடத்துவோர் பழகவில்லை.

மூன்று நகரங்களுக்கு ஒரு சட்டம்

1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. சங்கங்களாலும் தனவந்தர்களாலும் மட்டும் வறுமையைச் சமாளிக்க முடியாது என்பதை அரசாங்க சபை உணர்ந்த காலம் அது. அதன் விளைவுகளில் ஒன்று 1939 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வறியோர் கட்டளைச் சட்டம்.

இச்சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளின் மீது மட்டும் வறியோரைத் தாங்கும் கடமையைச் சுமத்தியது. அங்கே அந்தச் செலவு மாநகர சபையின் சொந்த வருமானத்திலிருந்து வர வேண்டும். ஏனைய இடங்களில் மத்திய அரசாங்கம் கச்சேரி வழியாகக் கொடுத்தது. நிருவாக வசதிக்காகச் செய்த பிரிப்புப்போலத் தோன்றினாலும், எங்கள் மனப்போக்கை உருவாக்கியதில் இதற்குப் பெரும் பங்குண்டு என நினைக்கிறேன். கொழும்பு மாநகர சபையில் தரும காரியங்களுக்கென்றே ஓர் ஆணையாளர் இருக்கிறார். வறியோர் விடயம் அங்கே சபையின் விடயம். காத்தான்குடியிலும் கிண்ணியாவிலும் புத்தளத்திலும் அது கச்சேரியின் விடயம். ஆகவே எங்கள் ஊர்களில் ‘கவுன்சில்’ என்றால் தெருவிளக்கு, வடிகான், சந்தை, மாட்டுத்தொழுவம் என்று ஆகிவிட்டது. அநாதைப் பிள்ளைக்கும் கவுன்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நிலை வந்தது.

1944 இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் அறிக்கை தந்தது. சமூக சேவைகள் திணைக்களம் 1948 இல் உருவானது. அப்போது தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்கள். நாம் அவரை ஸாஹிராவின் அதிபராகவே நினைவுகூருகிறோம். நாட்டின் சமூக சேவைக் கட்டமைப்புக்குப் பொறுப்பாக இருந்த முதல் அமைச்சர் எங்களில் ஒருவர் என்பதை எத்தனை மாணவர் அறிவார்?

1941 இல் அநாதை இல்லங்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் வந்தது. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டம் முஸ்லிம் தர்ம நிதியத்தை ஏற்படுத்தியது. 1962 இல் மாக்கொலை முஸ்லிம் அநாதை நிலையம் தோன்றியது. 1980 இல் தொண்டர் சமூக சேவை நிறுவனங்களைப் பதிவு செய்து மேற்பார்வை செய்யும் சட்டம் வந்தது. சட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரு கதவைத் திறந்து, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: பதிவு செய், கணக்குக் காட்டு.

கதிரையும் தையல் மெஷினும்

1974 இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசில் பணம் ஊருக்கு வரத் தொடங்கியது. பள்ளிக்கு ஒலிபெருக்கி, சங்கத்துக்கு நூறு பிளாஸ்டிக் கதிரை, விதவைகளுக்குத் தையல் மெஷின். மேடை, மாலை, படம். “எம்பி குடுத்தாரு” என்றே ஊர் பேசியது, திறைசேரி கொடுத்தது என்று பேசவில்லை. பிச்சைச் சம்பளம் என்று பெயர் வைத்த அதே மனம்தான் இதையும் ‘குடுத்தாரு’ என்றது.

1981 இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. முதல் தேர்தல் 1991 இல் நடந்தது. வறுமை நிவாரணம், கிராமியப் பெண்கள் மேம்பாடு போன்றவற்றுக்குத் தன் நிதியைப் பயன்படுத்த அச்சட்டம் சபைக்கு இடமளிக்கிறது. 13 ஆவது திருத்தம் சமூக சேவைகளையும் சிறுவர் பராமரிப்பையும் மாகாண சபைக்குக் கொடுத்தது. கதவுகள் இரண்டாயின. தட்டுபவர்கள் குறைவு.

எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல் மாடியொன்றில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் நடக்கிறது. சந்தாவும் ஸகாத்தும் ஸதக்காவும்தான் அதன் வருமானம். 2022 நெருக்கடிக்குப் பிறகு சந்தா மெலிந்தது. பிரதேச சபையிடம் கேட்போம் என்று ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது மூன்று பதில்கள் வந்தன. “காசு எடுத்தா தவிசாளர்ட பேர்ல போர்டு தொங்கும்” என்றார் ஒருவர். சபையின் வருமானத்தில் சாராயக் கடை வரியும் கலந்திருக்கிறதே என்றார் இன்னொருவர். “நம்மட பிள்ளைகளை நாமதான் பாக்கணும் சேர்” என்றார் மூன்றாமவர்.

இரண்டாவது கேள்விக்கு உலமாக்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சபையின் தெருவிளக்கில்தான் இஷாத் தொழுகைக்குப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதலாவதற்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. உறுப்பினரின் கையால் வரும் காசுக்குத்தான் போர்டு தொங்கும். அடுத்த ஆண்டுக்கான பாதீடு ஆண்டு முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். அதற்கு முன்னரே, பதிவுச் சான்றிதழோடும் கணக்கறிக்கையோடும் இத்தனை பிள்ளைகள், இத்தனை ஆசிரியைகள் என்று எழுதிக் கொடுத்தால், அது ஒரு செலவுத் தலைப்பாக வரும். அதில் யாருடைய பேரும் இருக்காது. ஜனவரியில் போய்த் தவிசாளரைக் கண்டு கேட்டால்தான் அது தயவாக மாறுகிறது. 2023 மார்ச்சில் கலைந்த சபைகள் 2025 மே தேர்தலின் பின்னரே மீண்டும் கூடின. புதிய உறுப்பினர்கள் பழகும் இக்காலம் கேட்பதற்கு ஏற்ற காலம்.

மூன்றாவது பதில்தான் கனமானது. சோலைவரி கட்டுகிறவர்களில் தமிழரும் உண்டு, சிங்களவரும் உண்டு. அவர்களின் பணத்தையும் வாங்கி நடக்கும் நிலையத்துக்கு அடுத்த கிராமத்திலிருந்து ஒரு தமிழ்த் தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், மாடிப்படியில் வைத்து “இது எங்கட ஜமாஅத்துக்கு மட்டும்” என்று சொல்ல முடியாது. பள்ளி மாடியில் அந்தத் தாய் காத்திருக்க ஓர் இடமும், அந்தப் பிள்ளைக்கு ஒரு மேசையும் நாம் வைக்க வேண்டியிருக்கும். சபை பணம் தருமா என்ற கேள்வியோடு, இதற்கு நாங்கள் தயாரா என்ற கேள்வியையும் நம்பிக்கையாளர் சபைகள் பேசி முடிவெடுக்க வேண்டும்.