மன்றோ துரையின் படிவமும் "பேரு உந்தி" பாட்டியும்

டிஸ்கி: அடியேன் வெறும் பி.காம். கல்வி ஆராய்ச்சி, சமூகவியல் எல்லாம் முறையாகப் படித்தவன் இல்லை. இருபது வருடமாக வங்கியில் உட்கார்ந்து ரிட்டர்ன் நிரப்பி அனுப்பியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். தப்பிருந்தால் தலையில் குட்டலாம்.

ஏர்பேட்டுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் இருக்கும் ஊர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்குத் தெலுங்கு இன்னும் அரைகுறைதான். இப்போது ஐஐடி, ஐசர் இரண்டுமே ஏர்பேடு பக்கம் வந்துவிட்டதால் ஆராய்ச்சி என்ற வார்த்தை டீக்கடையிலும் காதில் விழுகிறது.

போன மாதம் எம்.எட். படிக்கும் ஒரு பெண் கேள்வித்தாள் கட்டோடு எங்கள் கிளைக்கு வந்தாள். பென்ஷன் வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் நிரப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். ஒரு பாட்டியிடம் எழுதப் படிக்கத் தெரியாததால் தாள் என் மேஜைக்கு வந்தது. "உங்கள் வீட்டுப் பெண் குழந்தை பள்ளிக்குச் செல்கிறாளா? ஆம் / இல்லை."

பாட்டி கேட்ட முதல் கேள்வி: "இது லோனுக்கா நாயனா?" இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு உந்தி" என்றார். அதாவது, பள்ளியில் பெயர் இருக்கிறது. பிள்ளை போகிறாளா என்றால், வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையாம்.

நான் "ஆம்" என்று டிக் அடித்தேன். வேறு கட்டம் இல்லையே! பின்னால் வரிசை வேறு நீண்டுகொண்டிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஞாபகம் வந்தது மன்றோ துரை.

சர் தாமஸ் மன்றோவை இந்தப் பக்கம் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருமலையில் "மன்றோ கங்காளம்" என்றே ஒரு நைவேத்தியப் பாத்திரம் உண்டு என்பார்கள். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் 1822 ஜூன் 25 அன்று ஒரு குறிப்பு எழுதினார். நாட்டை அளந்தோம், விளைச்சலைக் கணக்கெடுத்தோம், ஆனால் ஜனங்களின் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் கணக்கே இல்லையே என்பது அதன் சாரம். உடனே எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் போயிற்று. இந்தப் பக்கம் அப்போது வட ஆற்காடு மாவட்டம். அதன் தலைமையிடம் சித்தூர். ஆக, நான் பிறந்த சீமைக்கும் பிழைக்க வந்த சீமைக்கும் ஒரே படிவம்!

படிவத்தில் இருந்த கட்டங்கள்: பள்ளிகள் எத்தனை, பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லா சாதியினர், முஸ்லிம்கள், ஒவ்வொன்றிலும் ஆண், பெண், கடைசியில் மக்கள்தொகை. பதில்கள் வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. 1826 மார்ச் 10 அன்று மன்றோ தொகுத்து எழுதினார். மொத்தம் 12,498 பள்ளிகள். மாணவர்கள் 1,88,650. மக்கள்தொகை 1,28,50,941.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது? இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

மொத்த ஜனத்தொகையால் வகுத்தால் 67 பேருக்கு ஒருவர் படிக்கிறார் என்றார் மன்றோ. பரிதாபமான கணக்கு. ஆனால் அவரே அடுத்த வரிகளில் திருத்துகிறார். பள்ளிக்கு வருவது அநேகமாக ஆண் பிள்ளைகள்தான், எனவே பாதி ஜனத்தொகையைத் தள்ளு. அதிலும் 5 வயதிலிருந்து 10 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடு, அது ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 7,13,000. பள்ளியில் இருப்பது 1,84,110 பையன்கள். ஆக நாலில் ஒருவன் படிக்கிறான்! பிறகு இன்னொரு திருத்தம். சென்னைப் பட்டணத்தில் மட்டும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் என்று 26 ஆயிரத்துக்கும் மேல் கணக்கு வந்திருந்தது. பள்ளியில் படிப்பவர்களைப் போல ஐந்து மடங்கு. இந்த எண்ணில் ஏதோ பிசகு இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே, வெளி மாவட்டங்களிலும் வீட்டுப் படிப்பு இருக்குமே என்று நாலில் ஒன்றை மூன்றில் ஒன்றின் பக்கம் நகர்த்தினார்.

67இல் ஒன்று, நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று. ஒரு பிள்ளைகூட புதிதாகப் பள்ளியில் சேரவில்லை!

வங்கிக்காரர்களுக்கு இந்த வித்தை தெரியும். வாராக்கடன் சதவீதம் குறைய வேண்டுமா? கடனை வசூலிக்க வேண்டும் என்று அவசியமில்லை. புதுக்கடன் நிறையக் கொடுத்தால் போதும், கீழ் எண் பெருத்துச் சதவீதம் தானாக இளைக்கும். மன்றோ ஏமாற்றினார் என்று சொல்லவில்லை. தன் கணக்கை ஒவ்வொரு படியாக எழுதி வைத்தார், அதனால்தான் 200 வருடம் கழித்து நம்மால் குறை சொல்ல முடிகிறது. ஆனாலும் குறை குறைதான். படிவத்தில் வயதுக் கட்டமே கிடையாது. மேலே இருக்கும் எண்ணில் 12 வயதுப் பையனும் உண்டு, கீழே 10 வயதோடு கதவைச் சாத்தியாகிவிட்டது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு, 5 வயதுக்கு மேல் எடுத்தால் 41 சதவீதச் சொச்சம். அதையே 7 வயதுக்கு மேல் எடுத்தால் 43 சொச்சம். வருடத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார்.

அடுத்தது வராத ரிட்டர்ன். கனரா கலெக்டர் எண்ணிக்கையே அனுப்பவில்லை. எங்கள் வங்கியிலும் ஒரு கிளையிலிருந்து வரவில்லை என்றால் "சைபர்" என்று போட்டுவிட்டு மொத்தம் கூட்டும் மகானுபாவர்கள் உண்டு. "இல்லை" வேறு, "தெரியாது" வேறு.

மூன்றாவது, எண்ணிவிட்டால் முடிந்ததா? பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823இல் அனுப்பிய பதில் படிக்கவேண்டிய ஒன்று. 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள் என்று எண்ணைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் செய்யுள் அவர்களுக்கே புரிவதில்லை என்கிறார். சீமைத்துணி வந்து நெசவு படுத்ததால் ஜனங்கள் வறுமையில் விழுந்து, கூலிக்குப் போகத் தக்க வயது வந்ததும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள் என்கிறார். கட்டத்துக்கு வெளியே எழுதிய ஆள். என் பாட்டியின் "பேரு உந்தி"யை அவராக இருந்தால் ஓரத்திலாவது எழுதியிருப்பார்.

பிறகு சண்டை வந்தது. 1931 அக்டோபர் 20 அன்று லண்டனில் காந்தி, ஐம்பது நூறு வருடங்களுக்கு முன்பு இருந்ததைவிட இன்றைய இந்தியாவில் எழுத்தறிவு குறைவு என்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சர் பிலிப் ஹார்டாக், ஆதாரம் எங்கே என்று கேட்டார். வருடக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. ஹார்டாக் 1939இல் மறுத்துப் புத்தகமே போட்டார். 1983இல் தரம்பால், காந்தி சொன்ன "அழகிய மரம்" என்ற சொல்லையே தலைப்பாக வைத்து, மன்றோ கால ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டார். தமிழ்ப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளில் சூத்திரரும் மற்ற சாதியினரும் சேர்ந்து சேலம், திருநெல்வேலியில் சுமார் 70 சதவீதம், தென்னாற்காட்டில் 84க்கும் மேல் என்று அதில் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற பேச்சுக்கு அது சரியான அடி.

ஆனால் அந்த "மற்ற எல்லா சாதியினர்" யார்? இன்றைய பட்டியல் சாதியினர்தான் பெரும்பாலும் என்று தரம்பால் கொண்டார். படிவத்தில் அப்படி எழுதப்படவில்லை. சேரிப் பிள்ளை திண்ணையில் ஏறி உட்கார்ந்தானா, வாசலோடு நின்றானா? ஒரு தேசத்தின் மானம் சம்பந்தப்பட்ட கேள்வி. விடை அந்தக் கட்டத்துக்குள் கிடையாது. பெண் கட்டத்தில் எண்கள் வெகு சொற்பம். மன்றோவும் கணக்கின் முதல் படியிலேயே பாதி ஜனத்தைத் தள்ளிவிட்டார். மன்றோ அறிக்கைக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1926இல், இதே ஏர்பேட்டில் மலையாள சுவாமி வியாசாசிரமம் தொடங்கி, பெண்களுக்கும் எல்லா சாதியினருக்கும் சாத்திரப் படிப்பைத் திறந்துவிட்டார். கதவு ஏற்கெனவே திறந்திருந்தால் அவருக்கு அந்த வேலையே இருந்திருக்காது.

2005இல் தொடங்கிய அசர் ஆய்வு எனக்குப் பிடிப்பது இதனால்தான். பள்ளிப் பதிவேட்டைக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய், பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து, படி பார்ப்போம் என்கிறார்கள். அதிலும் குறைகள் இருக்கலாம், ஆனால் கேட்கும் இடம் சரியான இடம்.

மறுநாள் அந்த எம்.எட். பெண்ணுக்கு போன் செய்தேன். "அந்தப் பாட்டியின் தாளில் நான் போட்ட டிக் தப்பும்மா" என்றேன். "பரவாயில்லை சார், 200 தாளில் ஒன்றுதானே" என்றாள். மிச்சம் 199 தாளை யார் நிரப்பினார்கள் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "நான் திரும்பப் போய்க் கேட்கிறேன் சார்" என்றாள்.