கணக்குக் கேட்டவர்களும் ஓட்டுப் போட்டவர்களும்

ஜனங்கள்மீது கோபித்துக்கொள்வது நமது சிறுபத்திரிகை வட்டத்தில் ஏறக்குறைய ஒரு தகுதிச் சான்றிதழ். ஜனங்கள் நல்ல கவிதை படிப்பதில்லை, நல்ல சினிமா பார்ப்பதில்லை. ஆகவே நல்ல ஆட்களுக்கு ஓட்டுப் போடுவதுமில்லை என்று மூன்றாவது குற்றச்சாட்டு முதலிரண்டின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுகிறது. சென்னையிலிருக்கும் கவிஞ நண்பர் ஒருவர் எனக்கு எழுதிய நீண்ட கடிதம் இந்த ரகத்தைச் சேர்ந்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 2001 அக்டோபரில் நடந்த சென்னை மேயர் தேர்தல். போலீஸ் வழக்கில் பெயர் சேர்க்கப்பட்ட ஒருவரை நான்கே மாதத்தில் திரும்பவும் மேயராக்கிய நகரம் இது, இதற்கு எதற்கு ஓட்டுரிமை என்பது கடிதத்தின் சாரம். நண்பரின் கோபத்தில் அந்தரங்க சுத்தி உண்டு. ஆனால் சரித்திரம் அவர் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக இல்லை.

நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகராட்சி வரலாற்றில் வாக்காளர்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தது முதல் முறையாக 1996இல். வென்றவர் மு.க. ஸ்டாலின். நகரத்தின் பல முக்குகளில் இன்றும் நிற்கும் மேம்பாலங்கள் அவர் காலத்தில் கட்டப்பட்டவை. 2001 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறிற்று. ஜூன் 29ந் தேதி மேம்பாலங்கள் கட்டியதில் முறைகேடு என்று வழக்குப் பதிவாயிற்று. மறுநாள் விடியுமுன் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி வீட்டிலிருந்து கைது செய்யப்பட்டார். வழக்கில் ஸ்டாலின் பெயரும் இருந்தது. கைதுக் காட்சியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டிற்று. அக்டோபரில் தேர்தல், ஸ்டாலின் மறுபடியும் மேயர். 2002இல் ஒருவர் ஒரே சமயத்தில் சட்டசபை உறுப்பினராகவும் மேயராகவும் இருக்கக்கூடாதென்று சட்டம் வந்தது. ஆயிரம் விளக்குத் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்த அவருடைய மேயர் பதவி அதோடு போயிற்று. மேம்பால வழக்கோ தண்டனை வரை போகவில்லை.

அதே வருஷத்தின் மறுபாதியையும் நண்பர் சொல்லியிருக்க வேண்டும். 2000 அக்டோபரில் டான்சி வழக்கில் ஜெயலலிதாவுக்கு மூன்றாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. 2001 தேர்தலில் நான்கு தொகுதிகளில் அவர் கொடுத்த மனுக்கள் தள்ளுபடியாயின. அவர் கட்சி ஜெயித்தது. மே 14ந் தேதி முதலமைச்சரானார். செப்டம்பர் 21ந் தேதி அந்த நியமனம் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. டிசம்பரில் ஹைகோர்ட்டில் விடுதலை, 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டியில் வெற்றி. இரண்டு தரப்பும் மாறிமாறி எதிர்த்தரப்பின்மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். இப்படி ஒரு காலத்தில் ஓட்டுப் போடுகிறவன் என்ன செய்வான்? என்ன வழக்கு என்று கேட்பதற்கு முன்னால் யார் போட்ட வழக்கு என்று கேட்பான். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சாட்சியைக் கேட்குமுன் சாட்சிக்கும் எதிராளிக்கும் என்ன பகை என்று விசாரிப்பது கரிசல்காட்டுப் பஞ்சாயத்தில் முதல் பாடம். கஷ்டம் எங்கே வருகிறதென்றால், உண்மையான கணக்கு வழக்கும் இந்த விசாரிப்பில் அடிபட்டுப் போய்விடுகிறது. நாணயம் தேய்ந்துவிட்டால் நல்ல காசையும் தட்டித்தான் பார்ப்பார்கள்.

நண்பர் ஆசைப்பட்டது, அதாவது ஓட்டே இல்லாத சென்னை, ஏற்கனவே நடந்து முடிந்த ஒரு சோதனை. இதுதான் எனக்கு முக்கியமான விஷயம்.

1959இல் நூறு இடங்களில் நாற்பத்தைந்தைப் பிடித்து தி.மு.க. சென்னை கார்ப்பரேஷனைக் கைக்கொண்டது, அ.பொ. அரசு மேயரானார். கோட்டைக்கு அவர்கள் போட்ட ஏணியின் முதல் படி ரிப்பன் கட்டடம்தான். பதினான்கு வருஷம் கழித்து, 1973இல், மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. மஸ்டர் ரோல் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பட்டியல். இல்லாத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்திருந்தார்கள். (பட்டியல், கைநாட்டு, பட்டுவாடா இவற்றுக்கு நடுவில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இந்த ஊழலின் எளிமை எனக்குக் கொஞ்சம் பிரமிப்பாகவே இருக்கிறது. அதற்கு மேம்பாலம் வேண்டாம், ஒரு பேனா போதும்.) கோட்டையிலும் தி.மு.க.தான் ஆண்டது. மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. ஸ்பெஷல் ஆபீசர் வந்தார்.

அப்புறம் இருபத்துமூன்று வருஷம் சென்னையில் நகராட்சித் தேர்தல் கிடையாது.

இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1972 அக்டோபரில், எம்.ஜி.ஆர். திருக்கழுக்குன்றத்தில் கட்சிக்காரர்களின் சொத்துக் கணக்கைக் கேட்டார். கட்சி உடைந்தது. சமீபகாலத் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது கணக்குக் கேட்ட அந்த ஒரு காரியம் என்று சொன்னால் மிகையில்லை. 1977இல் அவர் முதலமைச்சரானார். பத்து வருஷம் ஆண்டார். 1986இல் மற்ற ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியவர் சென்னைக்கு நடத்தவில்லை. கணக்குக் கேட்டு வந்தவர் ஆட்சியில், மாநிலத்தின் தலைநகரில், கணக்குக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பின்னால் வந்தவர்களுக்கும் இதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. 1993 ஜூனில் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் ஐந்து வருஷத்துக்கொருமுறை தேர்தல் நடத்தியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகுதான் 1996இல் பெட்டிகள் வெளியே வந்தன.

அந்த இருபத்துமூன்று வருஷத்தில் சென்னை வாக்காளன் தப்பான மேயரைத் தேர்ந்தெடுக்கவில்லை, குற்றமற்றவன். கூவம் சுத்தமாயிற்றா? பட்டியல்களில் இல்லாத ஆட்கள் இல்லாமலானார்களா? ஊழல் நின்றது என்று நிரூபிக்க யாரும் இதுவரை முன்வந்ததாக நான் அறியேன். ஊழலைப் பற்றி உரக்கப் பேசுவதற்கென்று இருந்த சபைதான் நின்றது. தகுதியில்லாத ஜனங்கள் என்ற வாதம் எழுத்தாளன் வாயில் இருக்கிறவரை வெறும் அலுப்பு. ஆட்சியாளன் கைக்குப் போனால் அது ஒரு நிர்வாக ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை என்பதால்தான் நண்பரின் கடிதம் என்னைத் தொந்தரவு செய்தது.

தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை நம்மிடம் இருந்ததே என்பார்கள், உத்தரமேரூரைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்த 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. நான் எங்கள் பக்கத்திலேயே இருந்து தொடங்குகிறேன். திருநெல்வேலிக்கு அருகே மானூரில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கி.பி. 800ஐ ஒட்டியது என்று கணிக்கப்படுவது, இருக்கிறது. உத்தரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. கழுகுமலைப் பாறையிலும் மாறஞ்சடையன் பெயர் உண்டு. வெட்டுவான் கோயிலும் சமணத் திருமேனிகளும் அந்தப் பாண்டியர் யுகத்தைச் சேர்ந்தவைதான். எனவே இதை வெளியூர்ச் சமாசாரமாக நான் நினைக்க முடியாது. மானூர் சபையில் இடம் பெற நிலப் பங்கு வேண்டும், வேதமும் தர்மமும் கற்றிருக்க வேண்டும், ஒழுக்கம் வேண்டும். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதே. அதிசயம் அடுத்த விதியில் இருக்கிறது: சபையில் எதைச் சொன்னாலும் ‘இல்லை, இல்லை’ என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவனும் அவனுக்குத் துணை நிற்கிறவனும் ஐந்து காசு தண்டம் கட்டவேண்டும்.

இந்த விதியை வாசித்தபோது ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முன் அந்தச் சபையில் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவன் வெறும் வம்புக்காரனாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் கல்லில் வெட்டி அடக்கவேண்டிய அளவுக்கு அவன் ‘இல்லை’ சொல்லியிருக்கிறான்.

உத்தரமேரூர் விதிகளில் நிஜமாகவே உயர்ந்தது ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் நமது கட்சிகளில் எத்தனை குடும்பங்கள் மிஞ்சும் என்பது வாசகரின் கற்பனைக்கு. ஆனால் மேடைப் பேச்சாளர்கள் விழுங்கிவிடும் விஷயம், அங்கே ஓட்டே கிடையாது. ஓலை நறுக்குகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெயர் எழுதத் தகுதியுள்ளவர்கள் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமுள்ள, வேதம் கற்ற, முப்பத்தைந்திலிருந்து எழுபது வயதுக்குட்பட்ட பிராமணர்கள். உழுதவனுக்கும் தறி நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அதில் பேச்சில்லை. ஜனங்கள் தப்பாகத் தேர்ந்தெடுக்கமுடியாத ஒரே முறை ஜனங்கள் தேர்ந்தெடுக்காத முறைதான். குடத்தின்மீது யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

தகுதி யாருக்கு என்று ஊரே முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கழுகுமலைக்காரர்கள் கல்வெட்டு வரை போகவேண்டியதில்லை. 1895 பங்குனி உத்திரத்தில் இங்கே கலவரம் நடந்து உயிர்கள் போனது, தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதைப் பற்றியது. கோவில் எட்டயபுரம் ஜமீன் பொறுப்பில் இருந்தது. அந்த வீதிகளில் நடக்கத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் 1952இல் ஜமீன்தாரைப்போலவே ஆளுக்கொரு ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மேயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி சங்கதி நண்பருக்கு ஆறுதலாக இருக்கலாம். 1904இல், தபால்காரர் உத்தியோகத்துக்கான பரீட்சையை வேறொருவர் பெயரில் எழுதிய குற்றத்துக்காக ஜெயிலில் இருந்துகொண்டே நகரசபைத் தேர்தலில் வென்றவர். நண்பனுக்காகத்தானே செய்தார் என்பதே அவருக்குப் பிரசாரமாயிற்று. நான்கு முறை மேயர். 1945இல் மோசடி வழக்கு தலைக்குமேல் தொங்கும்போது நான்காம் முறை வென்றார். 1947இல் ஐந்து மாதம் சிறையிலிருந்தார், அப்போதும் அவரே மேயர். ஐரிஷ் ஏழைகளுக்கு அவர் ஆஸ்பத்திரியும் வேலையும் தந்தவர். ஜனங்கள் அவர் குற்றத்தை அறியாமல் ஓட்டுப் போடவில்லை.

எட்வின் ஓ’கானர் 1956இல் எழுதிய ‘தி லாஸ்ட் ஹர்ரா’ நாவலின் கதாநாயகன் இவர் சாயலில் உருவானவன் என்று எல்லோருக்கும் தெரியும். இலக்கியமாக அதை உயர்த்திச் சொல்லமாட்டேன், உணர்ச்சிக் குழைவு அதிகம். ஆனால் அதில் ஒரு பாத்திரம் ஒரு விளக்கம் சொல்கிறது: ரூஸ்வெல்ட் வந்து அரசாங்கமே உதவிப்பணம் கொடுக்க ஆரம்பித்ததும் இந்த மாதிரிப் பெரிய மனிதர்கள் ஒழிந்தார்கள், உரிமையாகக் கிடைப்பதை யாரும் போய்க் கெஞ்சவேண்டாமல்லவா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு நம்பமுடியவில்லை. நூறுநாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனும் 2023 செப்டம்பரிலிருந்து பெண்களுக்கு மாதம் ஆயிரமும் பாங்க் கணக்குக்கே வந்தன. நடுவில் ஆளில்லை. ஆனாலும் பாஸ்புக்கை நீட்டும் கிழவி ‘அரசாங்கப் பணம்’ என்று கேட்பதில்லை. தலைவர் பெயரைச் சொல்லி, ‘அவுக போட்ட பணம் ஏறிட்டா சார்?’ என்கிறாள். ‘ஒங்க பணம்தான் பாட்டி, வரிப்பணம்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ‘நா எங்கய்யா வரி கெட்டுனேன்’ என்று சிரித்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை அது. அவள் வாங்கிய சோப்புக்கும் பஸ் டிக்கெட் மாதிரி சில்லறைச் செலவுகளுக்கும் பின்னால் இருந்த வரியை அவளுக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. தான் கொடுத்த பணம் என்று தெரியாதவள் எப்படிக் கணக்குக் கேட்பாள்? நன்றி சொல்வாள். நன்றிக்கு ஓட்டு ஒரு வடிவம்.

என் எரிச்சலும் இங்கேதான். அவள்மீதல்ல, நண்பரைப்போல, என்னைப்போல, வரியும் வரவும் தெரிந்த படிப்பாளிகள்மீது.

இந்தக் கரிசலிலேயே, கம்யூனிஸ்ட் சோ. அழகர்சாமியைக் கோவில்பட்டிக்காரர்கள் பலமுறை சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர் எளிமையானவர் என்று எதிர்க்கட்சிக்காரரும் ஒப்புக்கொள்வார்கள். ஜனங்களின் பேதைமைக்குச் சாட்சி தேடும் கட்டுரைகளில் இந்த மாதிரி மறுதேர்வுகள் வருவதில்லை.

கர்லியின் முடிவையும் சொல்லவேண்டும். அவர் ஜெயிலிலிருந்த ஐந்து மாதம் பொறுப்பு மேயராக இருந்தவர் ஜான் ஹைன்ஸ், நகராட்சி குமாஸ்தா. திரும்பி வந்த அன்றே கர்லி, இந்த ஐந்து மாதத்தில் நடந்ததைவிட அதிகமான வேலையை இன்று ஒருநாளில் முடித்துவிட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. 1949 தேர்தலில் எதிர்த்து நின்று கர்லியைத் தோற்கடித்தார். தோற்கடித்தவர்கள் அதே பாஸ்டன் ஜனங்கள்.

சென்னையில் 2016இல் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் கோர்ட்டுக்குப் போய் நின்றுவிட்டது. மறுபடி ஸ்பெஷல் ஆபீசர். கொள்ளைநோய்க் காலம் முழுக்கக் கவுன்சிலர் கிடையாது. ஆறு வருஷம் கழித்து, 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, ஓட்டுப்பதிவு. இந்த முறை மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வழி இல்லை, கவுன்சிலர்களுக்கு மட்டும். அன்று சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் பாதிக்கும் குறைவு. நண்பர் எந்த வார்டு என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.