குதிரைத் தாவலும் கோட்டை கட்டுதலும்

தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் எங்கள் நண்பர் ஒருவரின் வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகனும் கல்லூரித் தோழர்கள் நால்வரும் கூடத்து மேசையைச் சுற்றி அமர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். வாளெடுத்தவன் வென்றானா வீழ்ந்தானா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட விளையாட்டு இது. 2014ல் அதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2024ல் அந்தப் பதிப்பையே திருத்திப் புதிய விதிநூலாக வெளியிட்டார்கள். நாங்கள் போயிருந்த அன்று பகடை உருளவேயில்லை. புதிய விதிகளுக்கு மாறுவதா, பழையதிலேயே தொடர்வதா என்ற வழக்கு மாலைவரை நீண்டது.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்று பின்னர் அறிந்தோம். 2008ல் நான்காம் பதிப்பு வந்தபோது அது பிடிக்காமல் விலகியவர்கள் ஏராளம். முந்தைய விதிகளைச் சற்றே செப்பனிட்டு ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் வேறொரு நிறுவனம் 2009ல் தனி விளையாட்டாகவே வெளியிட, அவர்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு மதம் இரண்டாகப் பிரிவதைப் போன்ற நிகழ்ச்சி.

இளைஞர்கள் எங்களைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டார்கள். அந்த விளையாட்டு எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வழக்கு எங்களுக்குத் தெரிந்ததுதான். நம் நாட்டில் சதுரங்கத்தை முன்வைத்து அது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் நடந்திருக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் சதுரங்கம் வேறு. நம் பாட்டனார்கள் திண்ணையில் ஆடியது வேறு. திண்ணைச் சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகலாம். இரண்டு கட்டம் தாவ உரிமை இல்லை. கோட்டை கட்டுதல் என்பதே கிடையாது. அதற்கு ஈடாக, அதுவரை ‘ஷா’ வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரேயொரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். எதிர்க்கோடியை எட்டிய காலாள் விரும்பிய காயாக மாறிவிட முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். குதிரையின் வரிசையில் போனால் குதிரை, அவ்வளவுதான். காலாட்கள் மெல்ல ஊர்வதால் தொடக்கத்தில் நேரம் வீணாகும் என்று, இருவரும் ஒப்புக்கொண்டு ஆளுக்குச் சில நகர்வுகளை ஒரே மூச்சில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் பழக்கமும் பல இடங்களில் இருந்தது.

இவையெல்லாம் எங்கும் ஒரே மாதிரி இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு, மாறின. ஆகவே அயலூரான் ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தால், காய்களை அடுக்குமுன் விதிகளைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்பது எங்கள் எண்ணம். அதில் வென்றவன் பாதி வென்ற மாதிரி.

இந்தத் திண்ணைச் சதுரங்கம் ஏதோ ஆதியிலிருந்து மாசுபடாமல் வந்த தூய வடிவம் என்று நம்மவர் சிலர் பெருமைப்படுவதுண்டு. உண்மை அப்படி இல்லை. பழைய சதுரங்கத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய். அதை எல்லாத் திசையிலும் எத்தனை கட்டமும் பாயும் பெருங்காயாக மாற்றியது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் நடந்த மாற்றம். அங்கே அது ராணி. அந்தப் பலம் கடல் கடந்து வந்து நம் மந்திரிக்கும் ஏறியது. காலாளின் இரட்டை நடையும் கோட்டையும் மட்டும் ஏறவில்லை. ஆக, நாம் ‘நாட்டு ஆட்டம்’ என்று போற்றியதே பாதி திருத்தப்பட்ட ஒரு பதிப்பு. ஐரோப்பாவிலும் விதிகள் ஒரே நாளில் ஒன்றாகிவிடவில்லை. இத்தாலியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கோட்டை கட்டுவதில் தங்களுக்கென்று தனி முறை வைத்துக்கொண்டு பிடிவாதமாக ஆடினார்கள்.

1814ல் பம்பாயில் ஒரு நூல் அச்சானது. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட சதுரங்க நூல். இன்னின்ன நிலையில் காய்கள் இருந்தால் எப்படி வெல்வது என்ற புதிர்களின் தொகுப்பு. ஆசிரியர் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி. பெயரே தென்னாட்டு வைணவப் பெயர். ஆங்கில எழுத்தில் அது ‘திரெவங்கடாச்சார்ய’ என்று சிதைந்து கிடக்கிறது. எங்களைக் கவர்ந்தது நூலின் தலைப்பு: ‘ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்தது’ என்று அதிலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பண்டிதர் தம் எதிரே அமர்ந்த அயலாரோடு ஆட வேண்டி விதிகளை மாற்றிக்கொண்டார். தம் ஊரார் அதை ஏற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஊர் அதன்பின் நெடுங்காலம் ஏற்கவும் இல்லை.

ஏற்காததன் விலையைச் சுல்தான் கான் வாழ்க்கையில் பார்க்கலாம். பஞ்சாபில் நாட்டு விதிகளில் ஆடித் தேர்ந்தவர். 1929ல் சர் உமர் ஹயாத் கான் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன்; மீண்டும் 1932, 1933 ஆண்டுகளில். ஹேஸ்டிங்ஸில் கபபிளாங்காவையே வீழ்த்தினார். ஆட்டத்தின் நடுவிலும் முடிவிலும் அவரை அசைப்பது அரிது, தொடக்கத்தில்தான் தடுமாறுவார். மற்றவர்கள் சிறு வயதிலிருந்து நூல்களில் பயின்ற தொடக்கங்கள் அவர் வளர்ந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை. அடித்தளம் இல்லாத வீட்டின் மாடியில் அவர் அரண்மனை கட்டினார். நாடு திரும்பியபின் போட்டி உலகம் அவரை மறந்தது, 1966ல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது 2024ல்.

விடுதலைக்குப்பின் 1955ல் ஏலூரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதன்பின்னும் வீடுகளில் நாட்டு ஆட்டமே நிலவியது. அதை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரன். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரர். 1962ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிப் போட்டியில் கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனால் அதே போட்டியில் போர்ட்டிஷையும் ஊல்மானையும் வென்றார். இதைவிட முக்கியமானது, சர்வதேச விதிகளில் ஆடுங்கள், தொடக்கங்களைப் படியுங்கள், நூல்களைப் படியுங்கள் என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தது. 1972ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் மிகயில் தாலின் பெயரால் ஒரு மன்றம் அமையவும் அவர் காரணமாக இருந்தார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் ஆடிப் பழகினான். 1988ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2024ல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் எல்லோரும் அறிந்த கதை.

ஆகவே புதிய விதி தேவைப்பட்டது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். திண்ணையில் ஆடிய இருவருக்கு அது தேவையே இல்லை. அவர்களுடைய ஆட்டத்தில் குறை ஒன்றும் இருக்கவில்லை. திருநெல்வேலிக்காரனும் ஹங்கேரிக்காரனும் முன்பேச்சின்றி நேரே காயை நகர்த்த வேண்டியிருந்தபோதுதான் அது தேவையாயிற்று. புதிய விதி பழையதைவிடச் சிறந்தது என்பதால் வெல்லவில்லை. அந்நியர்கள் பலர் அதை அறிந்திருந்ததால் வென்றது.

‘சிறந்தது’ என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், தொடக்கங்கள் மனப்பாடமாகிவிட்டன, ராஜா மிக எளிதாகப் பத்திரமாகிவிடுகிறார், ஆட்டம் உலர்ந்துபோகிறது என்று கவலைப்பட்டு, கோட்டை கட்டுவதையே நீக்கிவிடலாம் என்று 2019ல் முன்மொழிந்தார். மறு ஆண்டு டீப்மைண்ட் ஆய்வாளர்களும் அவரும் சேர்ந்து, விதிகளை ஒன்பது விதமாக மாற்றி, ஆல்ஃபாஜீரோ என்ற கணினி நிரலைத் தன்னோடு தானே ஆடவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒன்பதில் ஒன்று கோட்டை இல்லாத ஆட்டம். இன்னொன்றில் காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். எந்த விதிகளைக் கைவிட்டால்தான் உலகோடு ஆடலாம் என்று நம் பாட்டனார்களுக்குச் சொல்லப்பட்டதோ, அவற்றில் இரண்டு புதுமை என்ற பெயரில் ஆய்வுக்கூடத்தில் திரும்பி வந்திருந்தன! குதிரைத் தாவலை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2021 ஜூலையில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் கோட்டை இல்லாத சதுரங்கத்தில் நான்கு ஆட்டங்கள் கொண்ட போட்டி ஒன்று நடந்தது. ஆடியவர்கள் கிராம்னிக்கும் ஆனந்தும். இரண்டரைக்கு ஒன்றரை என்ற கணக்கில் சென்னைக்காரர் வென்றார்.

இதையெல்லாம் தியாகராய நகர் இளைஞர்களிடம் சுருக்கிச் சொன்னோம். ஐவரும் நண்பர்கள், ஒரே மேசை, அந்நியர் யாரும் வரப்போவதில்லை, போட்டியும் இல்லை. கதை நடத்துபவரே விதியை வளைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய விதிநூலே இடம்தருகிறதாம். புதிய நூலை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டோம். அடுத்த ஆண்டு தங்களில் இருவர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள், அங்கே தெரியாதவர்களோடு ஆட வேண்டியிருக்கும் என்றான் நண்பரின் மகன். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு பிரதி வாங்குவது என்று முடிவாயிற்று.

பிறகு அவர்கள் கேட்டதால் சதுரங்கப் பலகையை எடுத்துவைத்து நாட்டு ஆட்டம் ஆடிக் காட்ட முயன்றோம். எட்டாவது நகர்விலேயே தகராறு. ராஜா குதிரையாகத் தாவும்போது எதிரியின் காயை வெட்டலாமா, கூடாதா? கும்பகோணத்தில் வெட்டக்கூடாது என்றார் நண்பரின் தகப்பனார். எங்களில் ஒருவர் ஊரில் வெட்டலாம். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.