கடிபட்ட கைக்கு யார் துணை?

தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தையை என்ன செய்வது? நடத்தைச் சிகிச்சை என்னும் எங்கள் தொழில் இந்தக் கேள்விக்கு முதலில் சொன்ன பதில் கொடுமையானது. மதுரையில் என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு அந்தக் கதையைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

1960களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளோடு வேலை செய்தார். 1965இல் 'லைஃப்' பத்திரிகை அந்தப் பணியைப் படங்களோடு வெளியிட்டது. அதட்டல், அறை, மின் அதிர்ச்சி, கூடவே அணைப்பும் பாராட்டும். தங்களையே அடித்துக்கொண்ட மூன்று குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து அதை நிறுத்தியதை 1969இல் அவரும் ஜேம்ஸ் சிம்மன்ஸும் கட்டுரையாக எழுதினார்கள். அதே கட்டுரையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அதிர்ச்சி கொடுத்த இடத்தில் அடங்கிய நடத்தை, கொடுக்காத இடத்தில் அடங்கவில்லை. அதிர்ச்சி குழந்தைக்குப் பயத்தைத்தான் தந்தது. அது எதற்காக அடித்துக்கொண்டது என்ற கேள்விக்கு அதிர்ச்சியிடம் பதில் இல்லை.

1977இல் எட்வர்ட் கார் அந்த 'எதற்காக' என்ற கேள்வியைத் தெளிவாக முன்வைத்தார். அதைச் சோதித்துப் பார்க்கும் வழியை 1982இல் பால்டிமோரின் கென்னடி நிறுவனத்தில் பிரையன் இவாட்டாவும் அவரது குழுவும் கண்டார்கள். ஒன்பது பேர். ஒவ்வொரு அமர்வும் 15 நிமிடம். ஒரு அமர்வில், குழந்தை அடித்துக்கொண்டால் மட்டும் பெரியவர் பதறிப் பேசுவார். இன்னொன்றில் பாடம் நடக்கும். அடித்துக்கொண்டால் பாடம் சற்று நேரம் நிற்கும். மற்றொன்றில் குழந்தை தனியாக இருக்கும். நான்காவதில் விளையாட்டு, கேட்காமலே கவனிப்பு. எந்த அமர்வில் அடி கூடுகிறது என்று எண்ணினார்கள். ஒன்பதில் ஆறு பேரிடம் காரணம் தெளிவாகத் தெரிந்தது.

பாடப்புத்தகங்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். என் மாணவிகளை நான் மேற்கொண்டும் படிக்கச் சொல்வேன். அமர்வு தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் முழு மருத்துவப் பரிசோதனை நடந்தது. எந்த அளவு காயம் பட்டால் அமர்வை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே வரையறுத்தார். அந்த எல்லையைத் தொட்டால் அமர்வு நிற்கும். மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடரும். அறைக்குள் இருந்த சிகிச்சையாளர் 'இன்னும் பொறுக்கலாமா, தடுக்கலாமா' என்று தனியாகத் தவிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த முடிவின் பாரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அதனால்தான் அவரால் பதறாமல் குழந்தையைப் பார்க்க முடிந்தது.

பின்னர் 152 பேரிடம் செய்த சோதனைகளைத் தொகுத்து இவாட்டா 1994இல் வெளியிட்டார். 38 சதவீதத்தினர், பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்கவே தங்களைக் காயப்படுத்திக்கொண்டார்கள். 26 சதவீதத்தினருக்கு அதனால் கவனிப்போ விரும்பிய பொருளோ கிடைத்தது. அடம், திமிர், கெட்ட வளர்ப்பு என்று ஊரார் சொன்னதெல்லாம் இந்தக் கணக்கில் காணவில்லை. இதற்கிடையே 1985இல் காரும் மார்க் டுராண்டும், உதவி கேட்கவும் 'நான் சரியாகச் செய்கிறேனா' என்று கேட்கவும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும் அடி குறைந்தது.

அறிவு இவ்வளவு வளர்ந்தும், ஆபத்தாக நடந்துகொள்பவர்களைக் கட்டிப்போடும் வழக்கம் ஒழியவில்லை. அமெரிக்காவில் கட்டிப்போட்டபோதோ தனியறையில் அடைத்தபோதோ, அதற்குச் சற்றுப் பின்னரோ பத்தாண்டுகளில் 142 பேர் இறந்ததை 1998இல் 'ஹார்ட்ஃபர்ட் கூரன்ட்' நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. பென்சில்வேனியா மாநில மனநல மருத்துவமனைகள் அப்போது வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. நெருக்கடி நேரத்தில் கைகொடுக்கத் தனிக் குழுக்கள் வந்தன. விதிகள் மாறின, மருந்துகளும் மாறின. 1990க்கும் 2000க்கும் இடையில், ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 4.2 முறையாக இருந்த தனியறை அடைப்பு 0.3 ஆகக் குறைந்தது. கட்டிப்போடுவது 3.5இலிருந்து 1.2க்கு வந்தது. கட்டை அவிழ்த்தால் ஊழியர்கள் அடிபடுவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். 1998 முதல் 2000 வரையிலான கணக்கில் ஊழியர் காயங்கள் குறிப்பிடும்படி மாறவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். குழந்தையிடம் காட்டும் கருணை, தனியொருவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நிற்காது. முழுக்கைச் சட்டை போட்டு, தலைமுடியை இறுகக் கட்டி, தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் போகும் பெண்ணுக்கு மனதில் கருணை இருக்கிறது. கதவுக்கு வெளியே யாரும் இல்லை என்று தெரிந்தால் அவள் கை தானாகவே இறுகும். பயந்த கைதான் முரட்டுக் கையாகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு பையன் கடித்து, முன்கையில் பல் பதிந்து வெளியே வந்த பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ என்னம்மா செஞ்சே அவனை?" என்பது. மறுநாள் அவள் அந்தப் பையனைத் தொடவே அஞ்சினாள். அவனும் அன்று எதையும் கற்கவில்லை.

சிறப்புக் குழந்தைகளுக்கான மையம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆபத்தான நடத்தை உள்ள பிள்ளையிடம் ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். எப்போது நிறுத்துவது, யாரை அழைப்பது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். காயம் பட்டால் முதலில் மருந்து போடுங்கள், அன்றே உட்காரவைத்துப் பேசுங்கள், குற்றம் தேடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கும்போது, சொல்லிக்கொடுப்பவருக்கு அங்கே யார் துணை என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பாதுகாப்பும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.