வாசக்கால் சின்னம் (ஒரகடம் வட்டாரம்)

வாசக்கால் சின்னம் என்பது, ஒரு குடும்பம் தன் வீட்டின் தலைவாசலில் வைத்துக்கொள்ளும் உருவம், குறி அல்லது எழுத்து. நிலையின் மேல்சட்டம், கதவு, முகப்புச் சுவர், வாசற்படி என்று அது அமையும் இடம் மாறும். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் (அம்பத்தூரை ஒட்டிய ஒரகடம் வேறு ஊர்) இந்த வழக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத் தோதான இடம். சிப்காட் வளாகங்கள் வந்த பிறகு வயல்கள் மனைப்பிரிவுகளாயின. புது வீடு கட்டுகிறவர்களில் பலருக்கு அதுதான் பரம்பரையில் முதல் கான்கிரீட் வீடு. நிலைக்கு மேல் என்ன வைப்பது என்று தாத்தா வீட்டைப் பார்த்துச் செய்ய அவர்களுக்கு வழியில்லை.

ஐரோப்பியப் பிரபுக்களின் கேடயச் சின்னம் வீட்டுக்காரர் யார் என்பதைச் சொல்லும். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவை அரசர்களின் சின்னங்கள்: சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல், சேரருக்கு வில், காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவருக்கு விடை. குடியானவர் வாசலில் இருப்பது வேறு வகை. யார் உள்ளே வரவேண்டும், எது வரக்கூடாது என்பதுதான் அதன் பேச்சு. படியில் கோலமாவால் ‘நல்வரவு’ எழுதிய அதே வீட்டின் மொட்டைமாடிச் சுவரில், நாக்கைத் துருத்திய திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். முரணாகத் தெரியும் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை பிடிபடும்.

திருமகளும் இரு யானைகளும்

வட்டாரத்தில் அதிகம் காணப்படுவது கஜலட்சுமி: தாமரையில் அமர்ந்த திருமகள், இருபுறமும் துதிக்கை தூக்கி நீர் சொரியும் யானைகள். இது வடக்கிலிருந்து நேற்று வந்த காலண்டர் உருவம் என்று நினைப்பவர் உண்டு. பார்ஹுத், சாஞ்சி ஆகிய பௌத்தத் தலங்களின் சிற்பங்களில் பொது ஆண்டுக்கு முற்பட்ட காலத்திலேயே இது இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தமிழ் வாசலுக்கும் இதற்கும் உள்ள உறவும் பழையது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை ஓர் அரண்மனை வாயிலை மரவேலை தெரிந்தவரின் கண்ணோடு வருணிக்கிறது. அந்த வாயிலின் உத்திரத்தின் நடுவில் திருமகளும் இருபுறமும் செங்கழுநீர்ப் பூக்களும் பிடிகளும் (பெண் யானைகள்) அமைந்திருந்ததாக நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. வாயிலின் மேல்மரமும் ஒரு நட்சத்திரமும் உத்திரம் என்ற ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதை வைத்துப் புலவர் ஒரு விடுகதையும் போட்டிருக்கிறார். அந்த நிலையில் நெய்யும் ஐயவி எனப்படும் வெண்கடுகும் அப்பியிருந்தன. இன்று நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம்.

கல்லில் பார்க்க விரும்புவோர் மாமல்லபுரம் போகலாம். அங்குள்ள வராக மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் வடித்த கஜலட்சுமி இருக்கிறாள். குடங்களோடு பெண்கள் நிற்க, யானைகள் திருமுழுக்காட்டும் காட்சி அது. யானையை மழைமேகமாகக் கொள்வது இந்திய மரபு. ஆகவே இது செல்வத்தைக் கேட்கும் முன்பே தண்ணீரைக் கேட்கும் படம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகள் மாவட்டம் என்று பெயர் எடுத்தது. ஏரி நிரம்பினால்தான் நெல் என்றிருந்த ஊர்களில் இந்த உருவம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஏரிப்பாசனத்தை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கு மாறிய வீட்டிலும் யானை தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தேர்வில் வழக்கம் சில நெறிகளை வைத்திருக்கிறது. லட்சுமி அமர்ந்த கோலத்தில் இருக்க வேண்டும். நின்றவள் கிளம்பிவிடுவாள் என்பது பேச்சு. உக்கிரத் தெய்வங்களை வீட்டு நிலையில் வைப்பதில்லை. பிள்ளையார் என்றால் தும்பிக்கை இடப்பக்கம் வளைந்தவரையே விரும்புகிறார்கள்; வலம்புரிப் பிள்ளையாருக்கு ஆசாரம் அதிகம் என்று தயங்குவார்கள். தலை இடிக்கும் உயரத்தில் நிலை இருந்தால் உருவம் கூடாது, தாமரையோ மாவிலைக் கொடியோ போதும். இதில் எனக்கு உடன்பாடு. எட்டடிக் கதவில் நிற்க வேண்டிய யானையை ஆறடிக் கதவில் நெருக்கினால் அது பன்றிக்குட்டி போலத்தான் தெரியும்.

செய்பவர்கள் மாறிவிட்டார்கள். ஆசாரி வீட்டுக்கு வந்து உளி பிடித்த காலம் குறைந்து, கணினி இயக்கும் சி.என்.சி. ரவுட்டர் தேக்கில் லட்சுமியைக் குடைகிறது. பகலில் கம்பெனியில் இதே வகை இயந்திரத்தில் உலோகப் பாகம் கடையும் தொழிலாளி, தன் வீட்டுக் கதவுக்கும் அதையே நம்புவது இந்த வட்டாரத்துக்குப் பொருந்திய வேடிக்கை. குறை என்னவென்றால், ஒரே கோப்பிலிருந்து வருவதால் தெரு முழுக்க ஒரே முகம். கைவேலை வேண்டுவோருக்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் (2020), கள்ளக்குறிச்சி (2021) மரச்சிற்பங்கள் உண்டு. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நாமமும் வேலும் பிறவும்

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மரபுப்படி ஆண்டு 1017. ஆகவே சங்கு, சக்கரம், திருநாமம் மூன்றும் சேர்ந்த பலகை இங்கே சகஜம். ஆச்சாரியரிடம் சமாச்ரயணம் பெறும் வைணவர் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் ஒற்றிக்கொள்வார். நிலையில் இருப்பதும் அதே முத்திரைதான், உடலுக்குப் பதில் வீட்டுக்கு. இந்தச் சின்னத்தை மட்டும் கடையில் கிடைத்தபடி வாங்கிவிட முடியாது. மூக்கின் மேல் பாதம் இறங்கியது தென்கலை, பாதமில்லாமல் வளைந்தது வடகலை. பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இரு கலையாரும் இந்த விவகாரங்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியவர்கள். பெருமாளின் வலக்கையில் சக்கரம் என்பதால் எதிரே நின்று பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் வரவேண்டும். கதவு செய்பவர்கள் மாற்றி வைத்துவிடும் தவறு இது.

முருகனைக் கும்பிடும் வீடுகளுக்கு வல்லக்கோட்டைக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. வேலும் மயிலும் எளிய கோடுகளில் அடங்குவதால் இரும்பு கேட்டில் வைக்க அவற்றைவிட நல்லது இல்லை. லட்சுமியைக் கம்பியில் வளைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முஸ்லிம் வீடுகளில் பிறையும் 786-உம் காணப்படும். பிஸ்மில்லாவின் அரபு எழுத்துகளுக்கு உரிய எண் மதிப்புகளைக் கூட்டினால் வருவது அந்த எண். கிறித்தவ வீடுகளில் சிலுவையோடு, இயேசுவே வீட்டுத் தலைவர் என்றும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி என்றும் சொல்லும் பலகை இருக்கும். ‘நல்வரவு’ கோலத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு எதுவும் இல்லை. கடவுள் படம் வேண்டாதவர்கள் வள்ளுவரை வைக்கிறார்கள். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே எழுதியவர் வாசலில் நிற்பது பொருத்தம்.

தடுக்கும் சின்னங்கள்

கண்ணேறு கழிக்கும் பொருள்களுக்கு அழகு இரண்டாம் பட்சம். கட்டடம் எழும்போதே வைக்கோல் திருஷ்டிபொம்மை ஏறிவிடும். குடிபுகுந்தபின் கறுப்புக் கயிற்றில் படிகாரம், எலுமிச்சையும் மிளகாயும், ஆகாசகருடன் கிழங்கு. கடைசியாகச் சொன்னதைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மண்ணும் நீரும் இல்லாமலே துளிர்விடும். அதனால்தான் அது வீட்டைக் காக்கிறது என்ற நம்பிக்கை எழுந்திருக்க வேண்டும். தழை செருகுவது இன்னும் பழைய வழக்கம். போரில் காயம்பட்ட வீரனைக் காக்க வீட்டில் இரவ மரத் தழையோடு வேம்பைச் செருகியதைப் புறநானூறு காட்டுகிறது. இன்றும் வாசலில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்தால் உள்ளே அம்மை என்று புரிந்துகொண்டு திரும்பிவிடுகிறோம். மாவிலைத் தோரணமோ விசேஷம், வாருங்கள் என்கிறது. இலை ஒன்று மாறினால் செய்தி தலைகீழ். பிளாஸ்டிக் மாவிலை ஆண்டு முழுதும் தொங்குவதால் இந்தப் பேச்சு அடங்கிவிட்டது, நட்டம் சிறிதல்ல.

ஒரு வீட்டின் மேல் வரைந்த நட்சத்திரம்

ஒரகடத்தில் 2012-இல் திறந்த டைம்லர் லாரி ஆலையின் வரலாற்றில் ஒரு வீட்டுச் சின்னம் ஒளிந்திருக்கிறது. காட்லீப் டைம்லர் 1872-இல் ஜெர்மனியின் டாய்ட்ஸ் எஞ்சின் ஆலையில் சேர்ந்தார். அக்காலத்தில் ஊர்ப் படம் அச்சிட்ட அஞ்சலட்டையில், குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு மேல் நட்சத்திரம் ஒன்றை வரைந்து மனைவிக்கு அனுப்பினார். ஒருநாள் இது நம் சொந்த ஆலையின் மேல் ஒளிவிடும் என்றும் எழுதினாராம். அவர் 1900-இல் காலமானார். பிள்ளைகள் பாலும் அடால்ஃபும் அந்த அட்டையை நினைவில் வைத்திருந்து டைம்லர் நிறுவனத்தில் சொல்ல, 1909-இல் மூன்று முனை நட்சத்திரம் வணிகச் சின்னமாகப் பதிவானது. நிலம், நீர், ஆகாயம் என்று மூன்று முனைகளுக்கும் பொருளும் வந்து சேர்ந்தது. இங்கே உருவாகும் பாரத்பென்ஸ் லாரிக்கு வேறு இலச்சினை என்றாலும் கதை ஒரகடத்துக்கும் சொந்தம்தான். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயின் சாய்ந்த எழுத்துக்கு, இருவர் கைகுலுக்குவது என்று நிறுவனமே விளக்கம் தருகிறது. அதுவும் ஒருவகை நல்வரவு. தொழிலாளர் வீட்டு நிலைகளில் இந்தச் சின்னங்கள் ஏறவில்லை. ஆயுதபூஜை அன்று எதிர்த்திசையில் பயணம் நடக்கிறது, வீட்டுக் குங்குமமும் சந்தனமும் இயந்திரத்துக்குப் போகின்றன.

வாடகை வாசல்

வட்டாரத்தில் பெருந்தொகையினர் வாடகைக்கு இருப்பவர்கள். நிலையும் அதன் லட்சுமியும் வீட்டுக்காரருடையவை. ஆணியடிக்க அனுமதி கிடைப்பதும் அருமை. குடியிருப்பவரின் சின்னம் ஆகவே தரைக்கு இறங்கிவிடுகிறது. தமிழ்க் குடும்பம் கோகுலாஷ்டமிக்கு அரிசிமாவில் குழந்தைக் கண்ணனின் பாதங்களை வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை பதிக்கும். ஒடிசாவில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் ஜோட்டி என்னும் அரிசிமாக் கோலமிட்டு லட்சுமியின் பாதங்களை வரைவது வழக்கம். அங்கிருந்து வேலைக்கு வந்த பெண் இங்கே ஒற்றை அறையின் முன் அதைப் போட்டால், பக்கத்து அறைக்காரிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வரிசைக் கால்களும் வெளியிலிருந்து உள்ளே நடக்கின்றன.