கலப்பினப் பசுக்களைத் தாக்கும் தைலேரியா: உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய்கள் குறித்து அறிய வேண்டியவை

கோடையும் மழைக்காலமும் மாட்டு உண்ணிகள் பெருகும் பருவங்களாகும். இக்காலத்தில் கறவை மாட்டுக்குக் கடும் காய்ச்சல் கண்டு, தோள்பட்டைக்கு முன்புறம் நெறி கட்டியிருந்தால், அது தைலேரியோசிஸ் நோயாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே சிகிச்சை அளித்தால் மாட்டைக் காப்பாற்ற முடியும். தாமதித்தால் உயிரிழப்பு நேரிடலாம்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 19 கோடிக்கும் அதிகமான மாடுகள் உள்ளன. அவற்றில் 5 கோடிக்கும் மேற்பட்டவை கலப்பின, அயல்நாட்டு இன மாடுகள். அதிகப் பாலுக்காக வளர்க்கப்படும் இந்த இனங்களையே தைலேரியோசிஸ் கடுமையாகத் தாக்குகிறது. நீண்டகாலமாக இந்த ஒட்டுண்ணியுடன் வாழ்ந்து பழகிய நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும் திறன் பெற்றவை.

மூன்று முக்கிய நோய்கள்

தைலேரியா அனுலேட்டா என்ற ஓரணு ஒட்டுண்ணியை ஹயலோமா வகை உண்ணி பரப்புகிறது. உண்ணியின் உமிழ்நீர் வழியாக உடலில் நுழையும் ஒட்டுண்ணி, முதலில் வெள்ளணுக்களைத் தாக்கி, அவற்றைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கிறது. நிணநீர்க் கணுக்கள் வீங்குவது இதனால்தான். பின்னர் சிவப்பணுக்களுக்குள் அது புகுவதால் இரத்தசோகை ஏற்படுகிறது. பால் குறைதல், தீவனம் உண்ணாமை, மூச்சுத்திணறல், கண்ணின் உட்சவ்வு வெளுத்தல் ஆகியவை பிற அறிகுறிகள்.

பேபேசியோசிஸ் நோயில் சிவப்பணுக்கள் உடைவதால் சிறுநீர் காப்பி நிறத்தில் வெளியேறும். மூன்றாவதான அனப்பிளாஸ்மோசிஸ், பாக்டீரியாவால் உண்டாவது. இதிலும் காய்ச்சல், இரத்தசோகை, மஞ்சள் காமாலை காணப்படும்; ஆனால் சிறுநீர் சிவப்பதில்லை. மூன்றுக்கும் மருந்துகள் வெவ்வேறு என்பதால், இரத்தப் பூச்சைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பரிசோதித்த பின் சிகிச்சை அளிப்பதே முறையாகும்.

சிகிச்சையும் தடுப்பூசியும்

தைலேரியோசிஸுக்கு பூபார்வாக்குவோன் ஊசி மருந்து பயன்படுத்தப்படுகிறது. நோயின் தொடக்க நிலையில் நல்ல பலன் தரும் இம்மருந்து, இரத்தசோகை முற்றிய பின் எப்போதும் பலிப்பதில்லை. ஈரான், துனிசியா போன்ற நாடுகளில் இம்மருந்துக்குக் கட்டுப்படாத ஒட்டுண்ணிகளும் கண்டறியப்பட்டுள்ளன. குணமடைந்த மாடுகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணி தங்கியிருக்கலாம் என்பதால், அவற்றைக் கடிக்கும் உண்ணிகள் மூலம் நோய் பிற மாடுகளுக்கும் பரவக்கூடும்.

ரக்ஷாவேக்-டி என்ற தடுப்பூசி இந்தியாவில் உருவாக்கப்பட்டுள்ளது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள ஒட்டுண்ணியைக் கொண்ட இதனைத் திரவ நைட்ரஜனில் பாதுகாக்க வேண்டியிருப்பது, சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்ப்பதைக் கடினமாக்குகிறது.

உண்ணி ஒழிப்பே முதன்மை

கால்நடை நோயை உண்ணி பரப்புவதை 1893-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் டெக்சாஸ் காய்ச்சல் குறித்த ஆய்வில் நிறுவினர். அதன் அடிப்படையில் 1906-இல் தொடங்கிய உண்ணி ஒழிப்புத் திட்டத்தால், எல்லையோரப் பகுதி நீங்கலாக, 1943-க்குள் அந்நாட்டிலிருந்து அந்நோய் அகற்றப்பட்டது.

ஹயலோமா உண்ணி இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, தொழுவத்தின் சுவர் வெடிப்புகளில் ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. எனவே மாட்டின் மீது மட்டும் மருந்து தெளிப்பது போதாது. வெடிப்புகளைப் பூசி அடைப்பதும், தொழுவத்திற்கும் மருந்து தெளிப்பதும் அவசியம். எல்லா மாடுகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்திட வேண்டும். ஒரே மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் உண்ணிகள் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துகளுக்கு இந்தியாவில் இந்நிலை பதிவாகியுள்ளது. மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உண்ணி கடிக்கத் தொடங்கிய பிறகு ஓரிரு நாள்கள் கழிந்தே தைலேரியா ஒட்டுண்ணி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதிர்ச்சியடைகிறது. ஆகவே காது, மடி, தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை நாள்தோறும் சோதித்து உண்ணிகளை அகற்றுவது தொற்று வாய்ப்பைக் குறைக்கும். சந்தையில் வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டி வைப்பதும் நல்லது.

மனிதருக்கு ஆபத்து உண்டா?

மாடுகளைத் தாக்கும் தைலேரியா மனிதருக்குத் தொற்றாது. எனினும், 2011-இல் குஜராத்தில் இந்தியாவில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்ட கிரிமியன்-காங்கோ காய்ச்சலைப் பரப்புவதும் ஹயலோமா உண்ணிகளே. ஆதலால் உண்ணிகளை வெறுங்கையால் பிடுங்குவதையும் நசுக்குவதையும் தவிர்த்து, கையுறை அணிந்து அகற்ற வேண்டும்.

மாட்டுக்குக் காய்ச்சலும் நெறி வீக்கமும் தென்பட்டால், 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவச் சேவையை அழைக்கலாம்.