சந்தையும் வாக்கும்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி, பூண்டுச் சந்தையாற் பெயர்பெற்ற பேரூர். கொடைமலையிலிருந்து இறங்கும் பூண்டு இங்கு விலையாகிறது. மூட்டை சுமப்போரின் அன்றாடக் கூலி இச்சந்தையைப் பொறுத்தது. ஆதலின் வீதியும் வடிகாலும் விளக்கும் அவர்தம் வயிற்றுப்பாட்டோடு இணைந்தவை.

ஆனால் முற்காலத்தில் இத்தகையோர்க்கு உள்ளாட்சியில் குரலில்லை. 1884, 1920-ஆம் ஆண்டுகளின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டங்கள், வரி, சொத்து முதலிய தகுதி உடையோர்க்கே வாக்களித்தன. வரிச்சீட்டு இல்லாத கூலியாள், தன் தெருவுக்கு விளக்குக் கேட்கவும் பிறரை நம்பினான். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, வயதுவந்தோர் வாக்குரிமையைச் சட்டமன்றத் தேர்தலுக்கு அடிப்படையாக்கியது. உள்ளாட்சியும் அவ்வழியிற் சென்றது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம், பேரூராட்சிகளுக்கும் ஐந்தாண்டுக் காலவரம்பை வகுத்தது.

மாணவர்களே, அன்று பொருள்வளம் வாக்காளரைத் தேர்ந்தது. இன்று வாக்காளரே தம் பொருள்நிலையை எண்ணி உறுப்பினரைத் தேர்கின்றனர். சுமை தூக்கும் கைக்கும் வணிகர் கைக்கும் வாக்கு ஒன்றே.